வாசலில் கிடக்கும் மணல் மீன் தொட்டிக்கு ஆகுமா?

வாசகர் கேள்வி: வீட்டில் 2 அடி நீளம், 1 அடி அகலத்தில் ஒரு தொட்டி. கப்பி, நியான் டெட்ரா மீன்கள் வளர்க்கிறோம். அடியில் போட்ட நீலக் கல்லில் சாயம் உரிகிறது. கடையில் மணல் விலை கேட்டால் மலைப்பாக இருக்கிறது. மாடி கட்ட இறக்கிய மணல் மிச்சம் கிடக்கிறது; அதைப் போடலாமா? திருச்செந்தூர் போகும்போது கடல் மணல் அள்ளி வரலாமா?

முதலில் வாசலில் கிடப்பது ஆற்று மணலா, எம்-சாண்டா என்று பாருங்கள். ஒரு பிடி அள்ளிக் கழுவி உள்ளங்கையில் தேய்த்தால் தெரிந்துவிடும். ஆற்று மணல் பழுப்பாக, தண்ணீர் உருட்டி உருட்டி முனை மழுங்கியிருக்கும். எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்து எடுப்பது. சாம்பல் நிறம், சுருக்கென்று குத்தும். கப்பியும் டெட்ராவும் தரையைக் கிளறாது என்பதால் அவற்றுக்கு எம்-சாண்டும் பாதகமில்லை. தரையிலேயே மேயும் கோரி மாதிரி மீன்களை வாங்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம்; மீசை தேய்ந்து புண்ணாகும். எம்-சாண்டில் கல்மாவும் அதிகம், கழுவியே கை ஓய்ந்துவிடும்.

எதுவானாலும் சிமென்ட் கலந்த இடத்துப் பக்கம் போகாதீர்கள். சிமென்ட் கலந்தால் தண்ணீரின் காரத்தன்மை எகிறிவிடும். குவியலின் மேல்பகுதியையும் தொடாதீர்கள். தெருப் பூனைகளுக்கு மணல் குவியல் எதற்குப் பயன்படுகிறது என்று உங்களுக்கே தெரியும். மேலே ஒரு சாண் ஒதுக்கிவிட்டு உள்ளிருந்து அள்ளுங்கள்.

அடுத்தது சுண்ணாம்புச் சோதனை. கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக் கல்லோ கலந்திருந்தால் அது மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். வினிகர் ஊற்றிப் பார்க்கச் சொல்வார்கள், சரிதான். ஆனால் காய்ந்த மணலில் ஊற்றினால் இடுக்கில் இருக்கும் காற்றே குமிழாக வரும், பலரும் ஏமாறுவது இங்கேதான். மணலை நனைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு வினிகர் ஊற்றுங்கள். பொடிப்பொடிக் குமிழாகத் தொடர்ந்து நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நர்சரியில் விற்கும் வெள்ளை மார்பிள் சில்லும் இப்படித்தான் நுரைக்கும்.

கடல் மணலில் உப்போடு கிளிஞ்சலும் சேர்ந்தே வரும். உப்பைக் கழுவலாம், கிளிஞ்சலைக் கழுவ முடியாது. தொட்டிக்கு ஊற்றுவது ஏற்கெனவே உப்பேறிய கடினமான போர் தண்ணீர் என்றால் கொஞ்சம் கிளிஞ்சலால் பெரிய மாற்றம் வராது. மோலி மீனுக்கு அது ஒத்தும் போகும். ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுகிறீர்கள் என்றால் கதை வேறு. உங்களிடம் இருப்பது நியான் டெட்ரா, மென்மையான தண்ணீர் மீன். ஆகவே திருச்செந்தூர் மணல் திருச்செந்தூரிலேயே இருக்கட்டும்.

வாசல் மணல் சரிப்படாவிட்டால், போர் தண்ணீருக்கு வடிகட்டி விற்கும் கடையில் ஃபில்டர் மணல் கேளுங்கள். சலித்து அளவு பிரித்த சிலிக்கா மணல்தான் அது, கரையாது. அலங்கார மீன் கடையில் பாக்கெட் போட்டு விற்பதைவிடப் பெரும்பாலும் மலிவு.

எவ்வளவு வேண்டும்? சராசரி 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு உங்கள் தொட்டிக்குச் சுமார் 11 கிலோ. சலிப்பதிலும் கழுவுவதிலும் போவதைச் சேர்த்து 15 கிலோ எடுங்கள். கொசுவலையில் சலித்து மாவை நீக்குங்கள். பெருங்கல்லைக் கையால் பொறுக்கினால் போதும். 2, 3 மில்லிமீட்டர் துகள்தான் வசதி. அதைவிடப் பெரிதானால் தீனி இடுக்கில் இறங்கி அழுகும். மாவாக இருந்தால் இறுகிப்போய் அடியில் கறுத்து, அழுகிய முட்டை வாடை வரும்.

கழுவுவது அரிசி களைகிற வேலைதான், இருபது தடவை! பழைய பெயிண்ட் வாளி எடுக்காதீர்கள். சுத்தமான வாளியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மணல் போட்டு, ஹோஸை அடிவரை விட்டுக் கையால் கிளறி, கலங்கல் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். கிளறியபின் வாளியின் அடி தெரிந்தால் நிறுத்தலாம். சோப்பு, சோப்புத்தூள் வாடையே ஆகாது. கடைசியாகக் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவையுங்கள். கூழாங்கல்லை மட்டும் அடுப்பில் வைத்து வேகவைக்க வேண்டாம். உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும்.

மாற்றும் அன்று மீன்களைப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளியில் விடுங்கள். மணலைப் பின்பக்கம் உயர்த்தி, முன்பக்கம் தாழ்த்திப் பரப்புங்கள். மேலே ஒரு தட்டு வைத்து அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் மணல் குழியாது. கலங்கல் அடங்கும்வரை ஃபில்டரை ஓட்டாதீர்கள், மோட்டாருக்குள் மணல் போகும். ஆனால் ஃபில்டர் பஞ்சைக் காயவிடாமல் பழைய தொட்டித் தண்ணீரில் போட்டு வையுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசவே கூடாது. மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அந்தப் பஞ்சிலும் பழைய கல்லிலும்தான் குடியிருக்கிறது. அதனால் நீலக் கல்லை உடனே வீசிவிடாமல், சாயம் அதிகம் உரியாததாக இரண்டு பிடி பொறுக்கி வெங்காய வலைப்பையில் கட்டி, மூன்று நான்கு வாரம் ஃபில்டர் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அதுவரை தீனியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.