ஒரே மின்னூல், இரண்டு தோற்றம்

கேள்வி: என் லினக்ஸ் கணினிகளில் ஒன்றில் காலிபர் என்ற மின்னூல் மென்பொருளின் 3.39 பதிப்பும் மற்றொன்றில் 6.13 பதிப்பும் உள்ளன. ஒரே தமிழ் இபப் நூல் இரண்டிலும் வெவ்வேறு எழுத்துருவில் தெரிவதுடன், படங்களும் இடம் மாறியிருக்கின்றன. கோப்பு பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. இபப் என்பது உரையைத் தாங்கும் எக்ஸ்எச்டிஎம்எல் கோப்புகளும் தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் நடைத்தாள்களும் அடங்கிய ஒரு ஜிப் பொதி. வழக்கமான இபப் நூலில் பிடிஎஃப் போலப் பக்கத்தின் தோற்றம் முன்கூட்டியே நிலைநிறுத்தப்படுவதில்லை. வரிகளை உடைத்துப் பக்கம் கட்டுவது திறக்கும் மென்பொருளின் வேலை. காலிபரின் நூல்காட்டி நெடுங்காலம் கியூடி என்ற நிரல் நூலகத் தொகுப்பில் உள்ள, வலைப்பக்கங்களை வரையும் வெப்கிட் இயந்திரத்தில் இயங்கியது. கியூடி திட்டம் அதை 2016இல் கைவிட்ட பிறகு, 2019இல் வெளியான 4.0 பதிப்பில் நூல்காட்டி புதிதாக எழுதப்பட்டு, குரோமியம் உலாவியை அடிப்படையாகக் கொண்ட கியூடி வெப்எஞ்சினுக்கு மாறியது. உங்கள் இரு பதிப்புகளும் இந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னுமாக நிற்பதால், படங்களின் இடமாற்றத்துக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

எழுத்துரு வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. நூலுக்குள் தமிழ் எழுத்துரு பொதியப்படாதபோது, கணினியில் உள்ளவற்றுள் ஒன்றை ஃபான்ட்கான்ஃபிக் என்ற எழுத்துருத் தேடல் நூலகம் தேர்ந்தெடுத்துத் தருகிறது. ஒன்றில் லோஹித் தமிழும் மற்றொன்றில் நோட்டோ சான்ஸ் தமிழும் இருந்தால், எழுத்தின் அகலம் மாறி வரிகளும் மாறிவிடும். இரண்டிலும் ஒரே எழுத்துருவை நிறுவி, நூல்காட்டியின் அமைப்புகளில் அதையே தேர்ந்தெடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். அதன் பிறகும் எஞ்சும் வேறுபாட்டை இயந்திரத்தின் கணக்கில் எழுதலாம்.

கோப்புகளின் சரிபார்ப்புத் தொகையை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) ஒப்பிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நூற்குறிகளை இபப் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் வசதி காலிபரில் உண்டு என்பதால், நூலின் உள்ளடக்கம் மாறாமலே தொகை மாறக்கூடும்.

டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களின் நிலையான வெளியீடு, தொடக்கத்தில் சேர்த்த பதிப்பையே பெரும்பாலும் இறுதிவரை வைத்திருக்கும். வழக்கமான புதுப்பிப்புகளைச் செய்துகொண்டே இருந்தாலும் பழைய காலிபர் பழையதாகவே இருக்கும். காலிபர் தளத்தின் நிறுவி தனக்கு வேண்டிய கியூடி நூலகங்களையும் உடன் கொண்டுவருவதால், இரு கணினிகளிலும் அதையே நிறுவுவது எளிய தீர்வு.

கேள்வி: ஆக்குலர் என்ற ஆவணக் காட்டியில் அதே நூலின் அலங்காரங்கள் பல காணாமல் போகின்றனவே?

பதில்: ஆக்குலர் இபப் நூலை உலாவி இயந்திரத்தால் வரைவதில்லை, கியூடியின் எளிய உரை ஆவணமாக மாற்றிக்கொள்கிறது. அந்த வடிவம் சிஎஸ்எஸ்ஸில் ஒரு சிறு பகுதியை மட்டுமே அறியும். நூலின் வடிவமைப்பைச் சோதிக்க அதை நம்ப வேண்டாம். வெறும் உரையைப் படிக்க அது போதும்.