ஹெடர் எழுதியாச்சு, போய்ச் சேரவில்லையே?

கோப்போடு சேர்த்து சேர்வர் பிரவுசருக்கு அனுப்பும் குறிப்பு வரியே ஹெடர். அதைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும் இங்கே. கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி தந்திருக்கிறோம். செட்டிங் கோப்பில் ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

விடுதி அறைக் கட்டணப் பட்டியல் பிரவுசருக்குள்ளேயே திறக்கிறது. 'நிலாவெளி' என்று தமிழ்ப் பெயரோடு இறங்க வேண்டும். பெயரைத் தமிழில் கொடுத்தால் குப்பை எழுத்தாக வருகிறது. (நிலாவெளி வாசகர்)

கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில் அட்டாச்மென்ட் என்று கொடுத்தால் கோப்பு இறங்கிவிடும். சங்கடம் பெயரில்தான். ஃபைல்நேம் என்ற பகுதியில் ஆங்கில எழுத்தை மட்டுமே நம்பலாம். மற்ற எழுத்துகளுக்கு, நட்சத்திரக் குறி சேர்ந்த ஃபைல்நேம்* வடிவம் இருக்கிறது. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6266 என்ற இணைய விதி ஆவணம் அதை விளக்குகிறது. சமன் குறிக்குப் பின் யூடிஎஃப்-8 (எழுத்துக் குறியாக்கத்தின் பெயர்), ஒட்டியபடி இரண்டு ஒற்றை மேற்கோள், பிறகு சதவீதக் குறியீட்டில் (ஒவ்வொரு பைட்டும் % குறியும் இரண்டு எழுத்துமாக) பெயர். இந்த மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் போடக்கூடாது. பலர் தவறுவது இங்கேதான்.

தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், சதவீதக் குறியீட்டில் 9 எழுத்து. 'நிலாவெளி'யில் குறில்நெடில் குறிகளையும் சேர்த்து 8 குறியீடுகள், ஆகவே 72 எழுத்து. கையால் அடிக்காதீர்கள், பிஎச்பி மொழியின் ராயுஆர்எல்என்கோட் ஃபங்ஷன் செய்து தரும்.

அப்பாச்சி சேர்வரில் இன்னொரு கண்ணி. ஹெடர் கட்டளையில் சதவீதக் குறிக்குத் தனிப்பொருள் உண்டு. ஒவ்வொன்றையும் இரட்டித்து எழுத வேண்டும். என்ஜின்எக்ஸ் சேர்வரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நடுவில் அரைப்புள்ளி வருவதால் முழு மதிப்பையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். பழைய பிரவுசர்களுக்காக, இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயரொன்றைச் சாதாரண ஃபைல்நேமிலும் சேர்த்துவிடுங்கள்.

சீசனுக்குச் சீசன் விலை மாறும் பட்டியல் என்றால் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் (பிரவுசர் சேமிக்கும் நகலுக்கான ஹெடர்) நோ-கேஷ் கொடுங்கள். அதற்குச் 'சேமிக்காதே' என்று பொருளில்லை. 'ஒவ்வொரு முறையும் சேர்வரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்து' என்பதே பொருள்.

என்ஜின்எக்ஸ் செட்டிங்கின் சேர்வர் பிளாக்கில் பாதுகாப்பு ஹெடர் மூன்று வைத்திருந்தேன். படங்களுக்கான லொகேஷனில் (ஒரு பாதைக்கான உள் பிளாக்) ஒரு கேஷ் ஹெடர் சேர்த்ததும், படங்களுக்கு அந்த மூன்றும் போவதில்லை. (உப்புவெளி)

என்ஜின்எக்ஸின் இயல்பே அதுதான். உள் பிளாக்கில் ஆட்_ஹெடர் ஒன்றுகூட இல்லாவிட்டால்தான் மேலுள்ளவை இறங்கிவரும். பொதுவானவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, தேவையான லொகேஷன்களில் இன்க்ளூட் செய்யுங்கள். 404, 500 போன்ற பதில்களிலும் ஹெடர் வேண்டுமானால் வரியின் முடிவில் ஆல்வேஸ் சேர்க்க வேண்டும். பின்பு என்ஜின்எக்ஸ் -டி கொடுத்துச் சோதித்து, பிழையில்லை என்றால் ரீலோட். பிரவுசர் பழைய கேஷைக் காட்டி ஏமாற்றக்கூடும். பிரவுசர் இல்லாமலே ஹெடரைக் காட்டும் கர்ல் கட்டளையால் சரிபாருங்கள்.

அப்பாச்சியின் எச்டிஅக்செஸ் செட்டிங் கோப்பில் ஹெடர் வரி போட்டதும் தளமே 500 பிழை. (கிண்ணியா)

எரர் லாக்கைப் பாருங்கள். 'இன்வாலிட் கமாண்ட்' என்றிருந்தால் ஹெடர்ஸ் மாட்யூல் ஏறவில்லை. உபுண்டுவில் ஏ2என்மோட் ஹெடர்ஸ், பிறகு ரீஸ்டார்ட். 'நாட் அலவ்ட் ஹியர்' என்றால் அலவ்ஓவர்ரைடில் (எச்டிஅக்செஸில் எவை செல்லும் என்று சொல்லும் கட்டளை) ஃபைல்இன்ஃபோ வேண்டும். அதுவே 'நன்' (எதுவும் இல்லை) என்றிருந்தால் பிழையும் வராது, ஹெடரும் போகாது. இஃப்மாட்யூலுக்குள் ('மாட்யூல் இருந்தால் மட்டும் செய்') பொதிவதை நாங்கள் விரும்புவதில்லை: பிழை மறைகிறது, பிணி அப்படியே இருக்கிறது.

பணம் கட்டிய மாணவருக்கு மட்டும் பாடக் கோப்புகள். பிஎச்பியால் அனுப்பினால் சேர்வர் திணறுகிறது. (தம்பலகாமம்)

மெதுவான இணைப்பில் ஒருவர் இறக்கி முடிக்கும்வரை ஒரு பிஎச்பி வேலையாள் (கோரிக்கையைக் கவனிக்கும் புரோசெஸ்) கட்டிப்போடப்படுகிறார். பிஎச்பி அனுமதியை மட்டும் சோதித்து, எக்ஸ்-அக்செல்-ரீடைரக்ட் ஹெடரை அனுப்பட்டும். கோப்பை என்ஜின்எக்ஸ் கொடுக்கும். அந்த லொகேஷனில் இன்டர்னல் என்று போடாவிட்டால் முகவரி தெரிந்த எவரும் நேரே எடுத்துவிடலாம். ஹெடரில் தருவது வட்டிலுள்ள பாதை அல்ல, லொகேஷனின் பாதை. லொகேஷன் சாய்கோட்டில் முடிந்தால், வட்டிலுள்ள பாதையைச் சொல்லும் எலியாஸும் அப்படியே முடியட்டும். கன்டென்ட்-டைப்பை பிஎச்பியிலேயே கொடுங்கள். மறந்தால் பீடிஎஃப், எச்டிஎம்எல் ஆகப் போய் திரை முழுக்கக் கிறுக்கலாகும்.

நானே வைத்த ஹெடர் கர்லில் தெரிகிறது. வேறு டொமைனிலிருந்து ஜாவாஸ்கிரிப்டில் படித்தால் 'நல்' (வெறுமை) என்றே வருகிறது. (மூதூர்)

வேறு டொமைன் எந்த ஹெடர்களைப் படிக்கலாம் என்று சொல்லும் அக்செஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸில் அதன் பெயரைச் சேருங்கள். குக்கியோடு கேட்கும் கோரிக்கைகளுக்கு அங்கே நட்சத்திரக் குறி செல்லாது, பெயரையே எழுத வேண்டும்.