கராச் கூலியா, கட்டுநாயக்கா ஓட்டமா?

கேள்வி: நான் கோப்பாயில் வசிக்கிறேன். யாழ்ப்பாண நகரில் அரச அலுவலகமொன்றில் வேலை. 2018 இல், கனடாவிலுள்ள அண்ணா அனுப்பிய 5 இலட்சம் ரூபாவையும் சேர்த்து, ரொயோட்டா கொரோலா 121 கார் ஒன்றை வாங்கினேன். சென்ற ஆண்டு அது 20,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. கராச் செலவு மட்டும் 350,000 ரூபா. சமாளிக்க முடியாமல் மனைவியின் சங்கிலியையும் காப்புகளையும் 15 வீத வட்டிக்கு 220,000 ரூபாவுக்கு அடைவு வைத்தோம். இந்த ஆண்டு வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்திருக்கிறோம். "இங்கே நாங்கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்கிறோம், கராச்சுக்கு ஏன் கொட்டுகிறாய்" என்று அண்ணா சொல்கிறார். ஆயுதப் பெட்டி (திருத்தக் கருவிகள்), ஜக், எஞ்சின் பழுதுக் குறியீட்டைக் காட்டும் ஸ்கானர் எல்லாம் சேர்த்து 185,000 ரூபா. மாதம் 9,200 ரூபாவாக 24 தவணையில் தருகிறார்கள். அதை வாங்கி நானே காரைப் பராமரிப்பதா, தொடர்ந்து மெக்கானிக்கிடம் விடுவதா? நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து மூன்று குடும்பங்கள் வருகின்றன. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கார் கொண்டுவரும்படி இப்போதே கேட்டுவிட்டார்கள். பெற்றோல் காசு தந்துவிடுவார்கள். அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

பதில்: நீங்கள் அனுப்பிய பற்றுச்சீட்டுகளை முதலில் கூலி, சாமான் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். நான்கு சேர்விஸுக்கும் கூலி 10,000, சொக் அப்சோபரும் புஷ்களும் மாற்றியதற்கு 15,000, முன் பிறேக் பாட்டுக்கு 3,000, றேடியேற்றர் வேலைக்கு 4,000, சில்லு எலைன்மென்ற் செய்ய 6,000. ஆக மொத்தம் 38,000 ரூபா. மிகுதி 312,000 ரூபாவும் ஒயில், பில்ரர், ரயர், உதிரிப்பாகம் ஆகியவற்றின் விலை. அவற்றை யார் பூட்டினாலும் அந்தக் காசு போகத்தான் செய்யும். 38,000 ரூபாவிலும், வீட்டு முற்றத்தில் ஒருவர் நியாயமாகச் செய்யக்கூடியது சேர்விஸ் கூலி மட்டுமே. எனவே நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது ஆண்டுக்கு 10,000 ரூபா. அதற்காக 185,000 ரூபாவுக்குச் சாமான் வாங்கினால், போட்ட முதலை மீட்க 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தவணையில் கூடும் 35,800 ரூபாவை நான் இதில் சேர்க்கவில்லை.

உங்கள் அண்ணா பொய் சொல்லவில்லை. கனடாவில் மெக்கானிக்கின் ஒரு மணித்தியாலக் கூலி மிக அதிகம், உதிரிப்பாகம் அவர்களுடைய சம்பளத்தோடு பார்க்கையில் மலிவு. அங்கே தன் கையால் செய்பவர் உண்மையிலேயே மிச்சம் பிடிக்கிறார். இங்கே நிலைமை தலைகீழ். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 350 ரூபாவுக்கு மேலே போனபோது கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியிலும் உதிரிப்பாக விலைகள் ஏறின. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. மலிவானதை மிச்சம் பிடிக்க விலைகூடியதை வாங்குவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

ஸ்கானர் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஒரு குறியீட்டைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. ஒட்சிசன் சென்சர் என்று காட்டியதும் சென்சரை வாங்கி மாற்றிவிட்டு, பிறகு சைலன்சர்க் குழாயில் ஒழுக்கு இருந்ததைக் கண்டுபிடிப்பவர்கள் பலர். பெற்றோலை மிச்சப்படுத்தும் காந்தம், எஞ்சினைக் கழுவும் திரவம், ஒயிலோடு கலக்கும் சிறிய போத்தல்கள் என்று இப்போது விற்கப்படுபவற்றையும் இதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். உங்கள் கார் கேட்பது நேரத்துக்கு நல்ல ஒயிலும் பில்ரரும்தான்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட விடயத்துக்கு வருகிறேன். கோப்பாயிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போய்வருவது, கோயில், சந்தை, கொண்டாட்டம், துக்கவீடு எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டினாலும் உங்கள் குடும்பத்தின் ஓட்டம் ஆண்டுக்கு 6,000 கிலோமீற்றரைத் தாண்டாது. மிகுதி 14,000 கிலோமீற்றர் யாருடையது? பதில் உங்கள் கடிதத்தின் ஓரத்திலேயே இருக்கிறது: விமான நிலையத்துக்கு 11 தடவை, ஒவ்வொன்றும் போகவரச் சுமார் 800 கிலோமீற்றர், வந்தவர்களை ஏற்றிக்கொண்டு திருக்கேதீஸ்வரம், கோணேசர் கோயில், வவுனியாவில் ஒரு கலியாணம் என்று மற்றவை. "பெற்றோல் காசு தந்துவிடுவார்கள்" என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் உங்கள் பிரச்சினை முழுவதும்.

பெற்றோல் காசு காரின் செலவு அல்ல. ரயர் ஒவ்வொரு ஆண்டும் மாற்றுவதில்லை என்பதால் 120,000 ரூபா ரயர்ச் செலவில் பாதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டாலும், சென்ற ஆண்டின் தேய்மானச் செலவு 290,000 ரூபா. அதை 20,000 கிலோமீற்றரால் பிரித்தால் ஒரு கிலோமீற்றருக்கு 14 ரூபா 50 சதம். அதாவது, பெற்றோலுக்கு மேலே, ஒவ்வொரு கட்டுநாயக்காப் பயணத்துக்கும் உங்கள் பையிலிருந்து 11,600 ரூபா போகிறது. 14,000 கிலோமீற்றருக்கும் பார்த்தால் 203,000 ரூபா. கணக்கு கொஞ்சம் கூடலாம், குறையலாம்; றேடியேற்றர் நின்ற இடத்திலும் பழுதாகும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தொகையை உங்கள் அடைவுத் தொகையான 220,000 ரூபாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் மனைவியின் காப்புகள் வங்கிப் பெட்டகத்தில் இருப்பது மெக்கானிக்கின் கூலியால் அல்ல; உறவினருக்கு ஓடிய ஓட்டத்தால்தான். அந்த அடைவுக்கு ஆண்டு வட்டி 33,000 ரூபா. நீங்கள் மனவருத்தப்படும் முழுக் கூலியும் 38,000 ரூபாதான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மறுப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்கு விளங்குகிறது. "வீட்டில் கார் நிற்க, எங்களை வான் பிடிக்கச் சொல்கிறான்" என்ற சொல் ஊரில் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதும் தெரியும். அதற்கு மேல், காரில் அண்ணாவின் பணமும் இருக்கிறது. ஆகவே இரண்டு கடமைகளையும் பிரித்துப் பாருங்கள். 5 இலட்சம் தந்தவர் அண்ணா. அவருக்காகச் சென்ற ஆண்டு ஓடியது இரண்டு பயணம். அவற்றைச் சந்தோசமாக, ஒரு சதமும் வாங்காமல் ஓடுங்கள்; அது நன்றிக்கடன். மற்ற ஒன்பது பயணங்களிலும் ஏறி வந்தவர்கள் அந்தக் காருக்கு எதுவும் தரவில்லை. அண்ணாவின் உதவியை அவர்கள் அனைவருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் பொறுப்பு உங்களுக்குக் கிடையாது. முடியுமானால் இந்தக் கணக்கை முதலில் அண்ணாவுக்கே அனுப்புங்கள். பிறகு சித்தப்பாவுக்கோ மாமிக்கோ விளக்கம் சொல்ல வேண்டி வந்தால், அவரே உங்கள் பக்கம் நின்று பேசுவார்.

"பெற்றோலோடு கிலோமீற்றருக்கு 15 ரூபாவும் தாருங்கள்" என்று கேட்கலாமா என்று நீங்கள் நினைக்கக்கூடும். கேட்க வேண்டாம். உறவு கெடும் என்பதை விட்டாலும், தனியார் பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு ஓடினால், வழியில் ஒரு விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படலாம். கொடிகாமம் தாண்டி இரவில் மாடுகள் படுத்திருக்கும் ஏ9 வீதியில், ஒரு நாளில் போய்த் திரும்பும் களைப்போடு, அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் வரை புகையிரதம் இருக்கிறது, இரவுப் பேருந்துகள் இருக்கின்றன. நிலையத்திலிருந்து வீட்டுக்கு நீங்கள் ஏற்றி வரலாம். அதுவே போதிய உபசரிப்பு.

ஓட்டம் 8,000 கிலோமீற்றருக்குள் வந்தால் தேய்மானச் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 116,000 ரூபா. மாதம் 10,000 ரூபாவைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். சென்ற ஆண்டும் சம்பளத்திலிருந்து அவ்வளவு காருக்குப் போயிருக்கிறது. ஆயுதப் பெட்டிக்குக் கட்டலாம் என்று நீங்களும் மனைவியும் கணக்குப் பார்த்த 9,200 ரூபாவை மாதாமாதம் அடைவுக்குப் பகுதியாகக் கட்டினால், வட்டியும் சேர்த்து ஏறத்தாழ 29 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். தங்க விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு மேலும் பணம் தரலாம் என்று வங்கியில் சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவற்றுக்கு ஆயுதப் பெட்டி தேவையே இல்லை. ரயர்க் காற்று, ஒயில் மட்டம், எயார் பில்ரர், வைப்பர், பற்றரி முனைகளைச் சுத்தம் செய்வது ஆகியவற்றை நீங்களே பாருங்கள். றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். நமது சுண்ணாம்புக் கல் நிலத்தின் தண்ணீர் கேத்திலில் படியவிடும் அதே வெள்ளைப் படிவுதான் றேடியேற்றருக்குள்ளும் குழாய்களை அடைக்கிறது. சென்ற ஆண்டு அதற்குக் கொடுத்த 36,000 ரூபாவில் இதற்குப் பங்கு இருந்திருக்கலாம். கூலன்ற் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டும் விடுங்கள்.

ஒயில் மாற்றுவதைக் கராச்சிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூலிக் கணக்கு ஒருபுறமிருக்க, கழித்த 3.7 லீற்றர் ஒயிலை நீங்கள் எங்கே ஊற்றுவீர்கள்? 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, கோப்பாயில் ஒரு வளவுக்குள் அதைச் செய்யுமாறு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிறேக், சொக் அப்சோபர் போன்றவற்றில் கை வைக்கவே வேண்டாம். ஜக்கில் மட்டும் நிற்கும் காரின் கீழே ஒருபோதும் படுக்க வேண்டாம். ஆனால் ஒயிலையும் பில்ரரையும் நீங்களே ஸ்டான்லி வீதியில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லி, பூட்டுக் கூலியை மட்டும் கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அவர் ஒழுங்கானவர் என்றால் இதனால் கோபிக்க மாட்டார்.

நல்லூருக்கு வரும் மூன்று குடும்பங்களும் இன்னும் விமானச் சீட்டு மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள் என்றால், இந்த வாரமே சொல்லிவிடுங்கள்: கட்டுநாயக்காவிலிருந்து வர அவர்களே ஒழுங்கு செய்ய வேண்டும் என்றும், யாழ்ப்பாணத்தில் திருவிழா நாட்களில் கோயிலுக்குப் போய்வர உங்கள் கார் நிற்கும் என்றும். புகையிரத முற்பதிவு விரைவில் நிரம்பிவிடும் என்பதால் இப்போது சொல்வதே அவர்களுக்கும் உதவி.