ரத்தம் சரியாக இருந்தும் சோர்வு ஏன்?

கேள்வி: வயது 47. மாதவிலக்கு முறை தவறி வருகிறது. வந்தால் எட்டு நாள் வரை அதிகமாகப் போகிறது. மாடிப்படி ஏறினால் கால் துவள்கிறது. ஹீமோகுளோபின் 12.2, 'ரத்தம் நன்றாக இருக்கிறது' என்கிறார்கள். செல்களுக்கு ஆற்றல் தரும் என்று விற்கும் என்.எம்.என். மாத்திரை வாங்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தப் பணத்தில் முதலில் ஃபெரிட்டின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது அதுதான். உதிரப்போக்கு அதிகமானால் முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. ஹீமோகுளோபின் குறைவது அதற்கு அப்புறம்தான். செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இரும்பு வேண்டும். அதனால் ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டிருந்தாலும் தசை களைத்துப்போகலாம்.

ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் பல மருத்துவர்கள் பற்றாக்குறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சல், தொற்று இருக்கும்போது இந்த எண் பொய்யாக ஏறும், அப்போது பார்க்காதீர்கள். கூடவே தைராய்டு, பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் பி12 பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

இரும்பு மாத்திரை எழுதித் தந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஒரு வேளை மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, மறுநாள் வரை குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைத்துவிடுகிறது. டீ, காபிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம், கால்சியத்துக்கு 2 மணி நேரம், தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். மலம் கறுப்பது இயல்பு. பலர் தவறு செய்வது, ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடுவது. சேமிப்பு நிறைய மேலும் 3 மாதமாவது ஆகும்.

உதிரப்போக்கின் காரணத்தை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். 45 வயதுக்கு மேல் இப்படிப் போனால் ஸ்கேனும், தேவைப்பட்டால் கருப்பை உட்சுவர்ப் பரிசோதனையும் அவசியம். தள்ளிப்போடாதீர்கள்.

என்.எம்.என். மாத்திரை, செல்கள் ஆற்றல் தயாரிக்க உதவும் என்.ஏ.டி. என்ற பொருளின் அளவை ரத்தத்தில் ஏற்றுகிறது. ஆனால் உங்கள் சோர்வைப் போக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

கேள்வி: 52 வயது, மாதவிலக்கு நின்றுவிட்டது. தினமும் நடக்கிறேன், ஆனாலும் தரையிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நடையை விடாதீர்கள், மைட்டோகாண்ட்ரியா பெருக அது உதவும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் தசை கரைவதைத் தடுக்க நடை மட்டும் போதாது. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல உட்காருங்கள். பத்து முறை, ஒரு நிமிட ஓய்வு. இப்படி மூன்று சுற்று, வாரம் 3 நாள். தொப்பென்று உட்கார்ந்தால் பலன் பாதி போய்விடும். முழங்கால்கள் உள்பக்கம் மடங்கினால் மூட்டு வலிக்கும். பன்னிரண்டு முறை சுலபமானதும் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். மூன்று இட்லியில் ஆறேழு கிராம்தான். சாம்பார் சேர்ந்தாலும் பத்தைத் தாண்டுவது கடினம். இரண்டு முட்டை 12 கிராம் தரும். ஊறவைக்குமுன் 50 கிராம் எடையுள்ள கொண்டைக்கடலைச் சுண்டல் 10 கிராம். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.