விநியோகச் சங்கிலியை எல்லோரையும் உள்ளடக்கியதாக, பசுமையாக, டிஜிட்டலாக மாற்ற ஒரு நிறுவனம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தொழிற்சாலையின் கேட்டிலிருந்து. லாரி வந்து நிற்கும், செக்யூரிட்டி நோட்டில் எழுதிக்கொள்ளும் அந்தக் கேட்டிலிருந்து.

கேள்வியில் அடுக்கியிருக்கும் அடைமொழிகளைப் பார்த்தால், கேட்டவர் பெரிய நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருப்பவர், சீக்கிரம் மேலதிகாரிகள் முன்னால் ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டியவர் என்று நினைக்கிறேன். நான் சங்கிலியின் மறுமுனையில் இருப்பவள். மணலியில் எங்கள் குடும்பத்துக்கு மரப் பேலட், அதாவது சரக்கை அடுக்கி ஏற்றும் மரத் தட்டு, செய்யும் பட்டறை இருக்கிறது. மரத்தையும் ஆட்களையும் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். பில், வரி, வசூல் மூன்றும் என் தலையில்.

முதலில் ஒன்று. சிறு பட்டறைக்காரர்களுக்கு டிஜிட்டல் பழக்கமில்லை, கைப்பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இதே கேள்விக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். ஏற்றுமதிச் சரக்கு ஏறும் பேலட்டுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்று ஒரு சர்வதேச விதி உண்டு, 2002-இல் வந்தது. மரத்தில் ஒளிந்திருக்கும் வண்டும் புழுவும் நாடு விட்டு நாடு போகக் கூடாது என்பதற்காக, பலகையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, இடைவிடாமல் 30 நிமிடம் நிற்க வேண்டும். மரத்துக்குள் செருகிய உணரிகள் சூட்டைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். 55-இல் நின்றால் கணக்கில் சேராது. நடுவில் இறங்கினால் மறுபடியும் முதலிலிருந்து. அதெல்லாம் சரியாக நடந்த பிறகுதான் கோதுமைக் கதிர் முத்திரை பலகையில் விழும். எங்கள் மேஸ்திரி ஆறாம் வகுப்பு படித்தவர். அந்தப் பதிவைப் பார்த்தே எந்த அடுக்கில் காற்று சரியாகப் போகவில்லை என்று சொல்லிவிடுவார். அவருக்கு யார் கைப்பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

அந்த 30 நிமிடக் கடிகாரத்தில் எனக்குப் பிடித்தது, அது யார் மனநிலையையும் பார்த்து ஓடுவதில்லை என்பது. மரம் சூடானால் ஓடும், ஆறினால் நிற்கும்.

இனி என் கதை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம், இன்னும் அவர்களோடுதான் தொழில் செய்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் சப்ளையர்களுக்கென்று ஓர் இணையதளம் தொடங்கினார்கள். இனி தாளே கிடையாது, எல்லாம் வெளிப்படை என்றார்கள். முழுக்க ஆங்கிலம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. பதிவு, ரத்து செய்த காசோலை எல்லாவற்றையும் ஏற்றினேன். பெண் தொழில்முனைவோரா என்று ஒரு கட்டம் இருந்தது, அதையும் நிரப்பினேன். அடுத்த மகளிர் தினத்துக்கு அழைத்து, ஒரு பூச்செடியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அவர்களது ஆண்டறிக்கையில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் படம் எடுத்த நாளில் எங்களுக்கு வர வேண்டிய பாக்கி வேறு ஒரு பக்கத்தில் 'பரிசீலனையில்' என்று நின்றுகொண்டிருந்தது.

ஏன் நின்றது என்று விசாரித்தேன். சரக்கு கிடங்கில் ஏற்கப்பட்டதற்கான ஜி.ஆர்.என். என்ற ரசீதைக் கணினியில் போட்டால்தான் பில் நகரும்.

"மேடம், சிஸ்டத்தில் ஜி.ஆர்.என். விழுந்த தேதியிலிருந்துதான் 45 நாள் கணக்கு."

"சார், அதற்கு முந்தைய மாதமே சரக்கை இறக்கிவிட்டோம். உங்கள் கேட்டில் முத்திரை குத்திய சலான் என் கையில் இருக்கிறது."

"அது கேட் என்ட்ரி, மேடம். அது வேறு மாட்யூல்."

எங்கள் பேலட்டுகள் அவர்கள் சரக்கைச் சுமந்துகொண்டு காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பலேறிப் போயேவிட்டன. இவர்கள் சிஸ்டத்தில் மட்டும் அவை இன்னும் உள்ளே வரவில்லை!

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-ஐப் படித்துப் பாருங்கள். சரக்கை ஒப்படைத்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. கிடங்கு குமாஸ்தா எப்போது கணினி முன்னால் உட்காருகிறாரோ அப்போதிலிருந்து என்று அதில் எந்தப் பிரிவிலும் இல்லை. ஆக, அவ்வளவு செலவு செய்து அவர்கள் கட்டிய மென்பொருள், சட்டத்தின் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தங்கள் கடிகாரத்தை மாட்டிய வேலை.

புகார் செய்யலாமே என்பீர்கள். 2017-இல் அதற்கென்றே சமாதான் என்ற அரசு இணையதளம் வந்தது. புகார் செய்தவருக்கு வட்டி கிடைக்கலாம், அடுத்த ஆர்டர் கிடைக்குமா? டிரெட்ஸ் என்ற இணையச் சந்தை மூலம் பில்லை வங்கிக்குக் கொடுத்துப் பணம் எடுக்கலாமே என்று வங்கி மேலாளர் சொன்னார். ஆண்டுக்கு 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அதில் சேர வேண்டும் என்று அரசே உத்தரவிட்டிருக்கிறது; இந்தத் தொழிற்சாலைக்காரர்கள் சேர்ந்தும் இருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் வாங்கியவர் பில்லை ஏற்றுக்கொண்டதாகப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானும் ஜி.ஆர்.என்.னுக்காகக் காத்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, தொழில்நுட்பம் என்றாலே இவளுக்கு ஆகாது என்று யாராவது கிளம்பி வருவீர்கள். ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீசிட்டிக்குப் பேலட் அனுப்பும்போது முன்பெல்லாம் கும்மிடிப்பூண்டி பக்கம் வணிக வரிச் சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும். டிரைவர் கையில் 'செலவுக்கு' என்று தனியாகக் கொடுத்து அனுப்புவோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு அது போனது. அடுத்த ஆண்டு வந்த இ-வே பில்லை நான் பட்டறையில் உட்கார்ந்தபடியே போட்டுவிடுகிறேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

பசுமைக்கு வருகிறேன். கடந்த ஆண்டு அதே தொழிற்சாலையிலிருந்து ஒரு நீண்ட கேள்வித்தாள். எத்தனை யூனிட் மின்சாரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு, மறுசுழற்சி மூலப்பொருள் எத்தனை சதவீதம். எங்கள் ஆடிட்டர்தான் விளக்கினார். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபிக்கு இப்படி ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். சப்ளையர்களைப் பற்றிய பகுதி இரண்டு சதவீதமோ அதற்கு மேலோ கொள்முதல் நடக்கும் பெரிய சப்ளையர்களுக்குத்தான் என்றார். அவர்கள் வாங்குவதில் எங்கள் பங்கு தசமப் புள்ளிக்கு அப்பால் எங்கோ இருக்கும். இருந்தும் முதல் நினைவூட்டல் எங்களுக்கே வந்தது.

துறைமுகத்துக்கு வரும் இறக்குமதிப் பெட்டிகளின் பைன் மரத்தைப் பிரித்து, ஆணி பிடுங்கி, இழைத்து மறுபடி பயன்படுத்துவது எங்கள் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. உடைந்த பேலட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலகை மாற்றினால் பழைய முத்திரையை அழித்து, மறுபடி சூடேற்றிப் புது முத்திரை போட வேண்டும், அதையும் செய்கிறோம். ஆனால் இதே நிறுவனத்தின் பர்ச்சேஸ் ஆர்டரில் 'புது மரம் மட்டும்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. ஒரு பிரிவு பழைய மரம் எவ்வளவு என்று கேட்கிறது, இன்னொரு பிரிவு பழைய மரத்தைக் கண்டால் வண்டியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பிரிவுக்காரர்களும் ஒரே கேன்டீனில்தான் சாப்பிடுகிறார்கள்.

கேள்வித்தாளில் இன்னொன்று: உங்கள் செயல்பாட்டால் அருகிலுள்ள நீர்நிலை மாசடைந்ததுண்டா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்ததை இங்கே இருப்பவர்கள் மறக்கவில்லை. எர்ணாவூரில் என் பெரியம்மா வீட்டுச் சுவரில் அந்தக் கறுப்புக் கோடு வெள்ளையடித்த பிறகும் தெரிகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்கள் குவளைகளால் எண்ணெயை மொண்டு எடுத்ததைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கே தலைமுறைகளாக நாங்கள் சுவாசிப்பதும் குடிப்பதும் எது என்று எங்களைத்தான் உலகம் கேட்டிருக்க வேண்டும். மரம் அறுக்கிறவளைக் கூப்பிட்டு நீ ஆற்றைக் கெடுத்தாயா என்று கேட்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் ஸ்லைடுக்கு வருவோம். கேட்டில் வண்டி நுழையும்போதே சப்ளையரின் சலான் பதிவாகட்டும், அந்த நிமிடத்திலிருந்து 45 நாள் ஓடட்டும், எத்தனை நாள் மீதி என்பது சப்ளையருக்கும் தெரியட்டும். தமிழில் ஒரு குறுஞ்செய்தி போதும், செயலி வேண்டாம். கிடங்கில் தாமதமானால் அது உங்கள் வீட்டுப் பிரச்சினை. மகளிர் தினப் பூச்செடியை அதன் பிறகு தாருங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நான் இப்போது செய்வது இது. சரக்கு இறங்கியதும் டிரைவர் முத்திரை குத்திய சலானைப் படம் எடுத்து அனுப்புவார். அன்றே அதைக் கொள்முதல் பிரிவுக்கும் நிதிப் பிரிவுக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, சட்டப்படி இன்றிலிருந்து கணக்கு தொடங்குகிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். பதில் வராது. ஆட்சேபணையும் வராது, எனக்கு அதுதான் வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்த பிறகு, எங்களைப் போன்றவர்களுக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, பணம் கொடுக்கும் ஆண்டு வரை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் கடைசி வாரத்தில், அவர்களே கூப்பிட்டு எங்கள் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்கிறார்கள்.