தீர்ப்புக்குப் பிறகும் நிற்காத மன்னா

கேள்வி: என் கணவருக்கு நிரந்தர வேலை போய் ஆறு ஆண்டுகளாகின்றன. ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறோம். “இஸ்ரவேலரைப் போல முறுமுறுக்கிறீர்கள், அதனால்தான் உங்கள் வனாந்தரம் நீள்கிறது” என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். 11 நாள் வழியில் 40 ஆண்டுகள் அலையவிட்ட கர்த்தரை உண்மையுள்ளவர் என்று எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, 11 நாள் என்பது ஓரேப் மலையிலிருந்து கானானின் எல்லையருகே உள்ள காதேஸ்பர்னேயா வரைக்குமான பயணம் என்று உபாகமத்தின் தொடக்கமே சொல்கிறது, அங்கிருந்து சேரேத் ஆற்றைக் கடப்பதற்குள் 38 ஆண்டுகள் ஓடிவிட்டன. காதேஸில், கானான் தேசத்தைப் பார்த்துவர அனுப்பப்பட்ட வேவுகாரரின் செய்தியைக் கேட்டு அஞ்சிய மக்கள், வேறொரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்புவோம் என்றார்கள். இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களாய் எண்ணப்பட்டு முறுமுறுத்தவர்கள் வனாந்தரத்திலேயே மடிவார்கள் என்று தீர்ப்பாயிற்று. இந்தக் கடுமையை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பின்பும், வனாந்தரத்தில் கர்த்தர் வானத்திலிருந்து அளித்த உணவாகிய மன்னா நிற்கவில்லை. கானானின் எல்லையைச் சேரும்வரை 40 ஆண்டுகளும் அதையே புசித்தார்கள் என்று யாத்திராகமம் கூறுகிறது. கானானிலுள்ள கில்காலில் பஸ்கா பண்டிகையை ஆசரித்து, தேசத்தின் விளைச்சலைப் புசித்த பிறகே அது ஒழிந்தது. கன்றுக்குட்டியை வார்ப்பித்து வணங்கிய காலத்திலும் வழிகாட்டிய மேகஸ்தம்பம் அவர்களை விட்டு விலகவில்லை என்பதை நெகேமியாவின் புத்தகத்திலுள்ள அறிக்கை ஜெபம் நன்றியோடு நினைவுகூருகிறது. எனக்கு இவற்றைவிட வியப்பளிப்பது எண்ணாகமத்தின் 15-ஆம் அதிகாரம். முந்தின அதிகாரத்தில் மரணத் தீர்ப்பு. இதிலோ, நான் கொடுக்கும் தேசத்தில் நீங்கள் பிரவேசித்தபின்பு இன்ன பலி செலுத்துங்கள், இவ்வளவு மாவும் எண்ணெயும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கர்த்தர் பேசத் தொடங்குகிறார். கொள்ளையாவார்கள் என்று பெற்றோர் அஞ்சிய அந்தப் பிள்ளைகளுக்காகவே வாக்குத்தத்தம் உயிரோடு இருந்தது.

இனி, உங்களைக் குறை சொல்கிறவர்களைப் பற்றி. அவர்கள் யோசுவாவையும் காலேபையும் மறந்துவிட்டார்கள். வேவுகாரரில் முறுமுறுக்காத அந்த இருவரும் மற்றவர்களோடு அதே மணலில்தான் அத்தனை ஆண்டுகளும் நடந்தார்கள். 40 வயதில் தேசத்தை வேவுபார்த்த காலேப், எபிரோனைச் சுதந்தரமாகக் கேட்டபோது அவருக்கு வயது 85. பயணம் நீள்வதை மட்டும் வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்க வேதம் இடங்கொடுக்கவில்லை. உங்கள் கணவரின் வேலையிழப்பு தண்டனை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. (காதேஸில் தீர்ப்புச் சொன்னவர் கர்த்தர், அண்டைக் கூடாரத்தார் அல்லர்.)

நீங்கள் மனம்விட்டு அழுவதையும் முறுமுறுப்பென்று எண்ணி அடக்கிக்கொள்ளாதீர்கள். இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கக் கூடாது, என்னைக் கொன்றுபோடும் என்று மோசேயே கர்த்தரிடம் முறையிட்டார். அதற்குக் கிடைத்தது கண்டனம் அன்று. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்கள். ஆகவே உங்கள் போதகரிடமோ, நம்பிக்கைக்குரிய ஒரு மூத்த தம்பதியிடமோ கணவருடன் சென்று, கடன், வாடகை, பிள்ளைகளின் கட்டணம் உட்பட உள்ள நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். ஜெபத்தோடு, வேலைக்கான அறிமுகங்களையும் அவர்களிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.