எந்தப் பூங்காவுக்குப் போவது? தண்ணீரை விசாரியுங்கள்

கேள்வி: கொழும்பில் வசிக்கிறோம். சென்ற ஏப்ரலில் தெற்கே ஒரு தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனோம். மூன்று மணி நேரமும் முன்னால் போன ஜீப் கிளப்பிய புழுதியைத்தான் பார்த்தோம். கண்ணில் பட்டது நாலைந்து மான், ஒரு முதலை, சில மயில்கள். வரும் ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று நாள் கிடைக்கிறது. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டும் எட்டும் வயது. அம்மாவுக்கு எழுபது, முழங்கால் வலி வேறு. யால, வில்பத்து, உடவளவை, மின்னேரியா என்று எதைப் பற்றிப் படித்தாலும் யானை, மான், மயில், முதலை என்று ஒரே பட்டியல். இவற்றுக்குள் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? நாங்கள் எங்கே போகலாம்?

பதில்: பட்டியலைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாதுதான். உலர் வலயத்தில் எந்தக் காட்டுக்குள் நுழைந்தாலும் புள்ளிமானும் மயிலும் முதலையும் இருக்கும். அவற்றைக் காண உங்கள் பணத்தையும் அம்மாவின் முழங்காலையும் செலவழிக்க வேண்டியதில்லை. இந்த வேலையில் எனக்குப் பழகிப்போன குறுக்குவழி ஒன்று உண்டு. எந்த மிருகம் இருக்கிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே தண்ணீர் எப்படி நிற்கிறது, எந்த மாதத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். பூங்காவின் குணம் அதில் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

வில்பத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். 1938-இல் தேசியப் பூங்காவானது, பரப்பில் நாட்டிலேயே பெரியது, போர்க் காலத்தில் நீண்ட நாள் மூடிக் கிடந்து 2010-இல் மீண்டும் திறந்தது. அதன் தனிச்சொத்து வில்லுகள். யாரும் வெட்டாமல், அணை கட்டாமல், தானாகவே பள்ளமாகிக் கிடக்கும் ஆழமில்லாத நீர்நிலைகள் அவை. மழைநீர்தான் வரவு. வெயில் ஏற ஏறத் தண்ணீர் நடுவுக்குச் சுருங்கி, சுற்றிலும் வெள்ளை மணல் விளிம்பு தெரியும். ஜீப் அடர்ந்த காட்டுப் பாதையில் அரை மணி நேரம் ஓடி, சட்டென்று ஒரு வில்லுவின் வெளிச்சத்துக்குள் வந்து நிற்கும். அங்கே மிருகம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்தக் காத்திருப்புப் பிடித்தவர்களுக்கான காடு அது. மே, ஜூன் மாதங்களில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடிகள் மரத்தில் ஏறி உட்கார்ந்து தின்பதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். ஆனால் பாதை நீளம், குலுக்கலும் அதிகம். அம்மாவோடு போகும் இந்தப் பயணத்துக்கு இது வேண்டாம்.

யாலவின் கதை வேறு. கதிர்காமத்தில் நாம் முழுகும் அதே மாணிக்க கங்கை அந்தக் காட்டுக்குள் ஓடித்தான் கடலில் சேர்கிறது. மற்றபடி முட்புதர்க் காடு, இடையிடையே பெரும்பாறைகள், பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீர். நீர் இருக்கும் இடம் கொஞ்சம் என்பதால் மிருகங்கள் அவற்றைச் சுற்றியே நடமாடுகின்றன. சிறுத்தைக்கு அது வசதி. இந்தியக் காடுகளில் புலிக்குப் பயந்து ஒதுங்கி வாழும் சிறுத்தை, புலியே இல்லாத இந்தத் தீவில் தானே ராஜா. பட்டப்பகலில் பாறைமேல் கால் நீட்டிப் படுத்திருக்கும். யாலவின் முதலாம் வலயத்தில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழ்கின்றன என்பது உலகறிந்த செய்தி. அதனால் ஜீப்புகளும் மிக நெருக்கமாகவே வாழ்கின்றன! ஒருவர் சிறுத்தையைக் கண்டால் கைபேசியில் பத்துப் பேருக்குச் செய்தி போகிறது. வறட்சி முற்றும் செப்டம்பரில் இந்த வலயத்தைச் சில வாரங்கள் மூடுவதும் வழக்கம்.

இனி மின்னேரியா. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், உங்கள் ஆகஸ்ட் மாதம் இங்கேதான் பொருந்துகிறது. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட மகாசேனன் கட்டுவித்த குளம் அது. பெரும்போக மழையில் நிரம்பும். பிறகு சிறுபோகத்துக்கு மடை திறக்கத் திறக்க நீர் வடிந்து, ஆகஸ்ட் வாக்கில் குளத்தின் படுகை பெரிய புல்வெளியாகிவிடும். சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடக்கும் நாளில், பச்சைப் புல்லும் குடிநீரும் ஒரே இடத்தில் கிடைத்தால் யானை வராமல் என்ன செய்யும்? நல்ல ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்டவை ஒரே மாலையில் கூடியதுண்டு. உழவர் வயலுக்கு நீர் எடுத்ததால் யானைக்குப் புல் கிடைத்தது. மனிதக் கையும் காடும் இப்படிக் கைகோத்து நிற்கும் காட்சி வேறெங்கும் இவ்வளவு தெளிவாக எனக்குக் கிடைத்ததில்லை.

அங்கே போனால் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஒரே ஒரு யானையைப் பத்து நிமிடம் பாருங்கள். முன்காலின் நகத்தால் புல்லின் அடியைச் சுரண்டும். தும்பிக்கையால் கொத்தாகச் சுருட்டி இழுக்கும். வேரோடு மண் ஒட்டியிருந்தால் அப்படியே வாயில் போடாது. முன்காலில் இரண்டு மூன்று முறை தட்டி, மண் உதிர்ந்த பிறகுதான் தின்னும். குட்டியும் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்து பார்க்கும். பாதிப் புல் கீழே விழும். பிள்ளைகள் இதைப் பார்த்தால் அடுத்த வாரம் முழுக்கப் பேசுவார்கள். தந்தம் தேடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: இலங்கையில் ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு.

ஒரு எச்சரிக்கை. மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு, வறண்ட மாதங்களிலும் மின்னேரியாவுக்கு நீர் வந்து சேரும் ஆண்டுகள் உண்டு. குளம் நிரம்பினால் புல் மூழ்கும். புல் மூழ்கினால் யானை வேறு இடம் பார்த்துப் போய்விடும். பெரும்பாலும் அருகிலுள்ள கவுடுல்லவுக்கு, அல்லது ஹுருலு காட்டுப் பக்கம். யானைக்குப் பூங்கா எல்லை தெரியாது, மூன்று இடத்துக்கும் ஒரே கூட்டம்தான். ஆகையால் மூன்றுக்கும் அருகிலுள்ள ஹபரணை ஊரில் தங்குங்கள். எந்தப் பூங்கா என்பதை முன்பதிவில் முடிவு செய்யாதீர்கள். அன்று மதியம் இரண்டு மூன்று ஜீப் ஓட்டுநர்களிடம் கேளுங்கள்: "நேற்று மாலை யானை எங்கே நின்றது, குளத்தில் நீர் எவ்வளவு?" பதில் ஒத்துப்போகும் இடத்துக்குப் போங்கள். போக வேண்டிய நேரம் பிற்பகல் மூன்று மணிக்கு மேல். காலையில் போய் வெறும் புல்லைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏராளம்.

உடவளவையும் யானைக்கானதுதான், ஆனால் மாதம் பார்க்க வேண்டியதில்லை. வளவை கங்கையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1972-இல் உருவானது; நீரில் மூழ்கிச் செத்த மரங்கள் இன்றும் எலும்பாக நிற்கின்றன. பக்கத்திலேயே, தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி அனுப்பும் யானைகள் இடைத்தங்கல் நிலையம் இருக்கிறது. பால் கொடுக்கும் வேளையில் மேடையிலிருந்து பார்க்கலாம், தொட அனுமதியில்லை. அதுவே அந்த இடத்தின் மேல் எனக்கு மதிப்பு வரக் காரணம்.

கல்லோயாவில் ஜீப்பை விடப் படகுதான் பேர்போனது. அங்குள்ள சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் தீவுகளுக்கிடையே யானை நீந்திப் போவதைப் பார்க்கலாம். பூந்தலவில் களப்புகளும் வலசைப் பறவைகளும். ஆகஸ்டில் போனால் அவற்றில் பல இன்னும் வந்திருக்காது. குமண என்பது கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு நடந்து கடக்கும் காடு. சதுப்பில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் பருவமும் ஏறக்குறைய அந்த யாத்திரை நாட்களை ஒட்டியே வரும்.

ஹோர்ட்டன் சமவெளியைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்த்துக் குழம்புகிறார்கள். 2,100 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்தப் புல்வெளியில் யானையும் இல்லை, ஜீப் சவாரியும் இல்லை. அங்கே தண்ணீர் மேகமாக வருகிறது. மரக்கிளைகளில் தொங்கும் பாசி அதைப் பிடித்துச் சொட்டவிடுகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கிருந்து நீர் போகிறது. மரைகள் வண்டித் தரிப்பிடத்துக்கே வரும். சுற்றி வர ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், பத்து மணிக்குள் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பனி மூடிவிடும், ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று வேறு. அம்மாவை வைத்துக்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

ஆக, உங்கள் மூன்று நாளை இப்படிப் போடுவேன். முதல் நாள் காலை புறப்பட்டு ஹபரணை, மாலை யானைகள். இரண்டாம் நாள் திருகோணமலை வழியாக நிலாவெளி. மூன்றாம் நாள் காலை புறாத் தீவு. அதுவும் 2003-இலிருந்து தேசியப் பூங்காதான், கடலுக்குள் இருக்கும் பூங்கா. ஆகஸ்டில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். முகமூடி மாட்டிக்கொண்டு குனிந்தால் பவளப் பாறைகளும் வண்ண மீன்களும். சில வேளை துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்களும். அவை தங்கள் பாட்டில் போய்விடும், பிள்ளைகள் பயப்பட வேண்டாம். பவளத்தின் மேல் காலை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா கரையில் நிழலில் இருக்கலாம். பவளம் தேற வேண்டித் தீவைத் தற்காலிகமாக மூடுவதும் உண்டு; கிளம்பும் முன் வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜீப் பேசும்போது விலையோடு நிறுத்திவிடாதீர்கள். நுழைவுச்சீட்டு, சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம் என்று தனித்தனியாக வரும்; எது சேர்ந்தது, எது சேராதது என்று தெளிவாகக் கேளுங்கள். யானைக் கூட்டத்துக்கு முன்னால் போய் வழியை மறிக்க வேண்டாம், நின்றதும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பின்பக்க இருக்கைகளுக்கு இரும்புப் படியில் ஏற வேண்டியிருக்கும், குலுக்கலும் அங்கேதான் அதிகம். அம்மாவை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். உயரம் குறைவு என்பதால் காட்டுப் பாதையில் காட்சி கொஞ்சம் மட்டுப்படும். குளக்கரையில் வண்டி நின்றதும் முன்கண்ணாடி நிறைய யானைதான் தெரியும்.